மூன்று ஃபீல்டுக்கு ஒரு படம்: மாமாவின் றீல்களைப் பிரித்தெடுத்த பதிவு

கிளிநொச்சியில் வேலை பார்த்த காலத்தில் என் மாமா எட்டு மில்லிமீற்றர் கமராவால் எடுத்த காட்சிகள், பிலிமில் இருந்தபடியே ஒவ்வொரு படமாக இப்போது என் லப்டொப்பில் ஓடுகின்றன. பிலிம் எங்களிடம் இல்லை. ரொறன்ரோவில் ஒரு கடையில் அதை விஎச்எஸ் கசெற்றில் ஏற்றினார்கள். பிறகு கசெற்றை டிவிடி ஆக்கினார்கள். றீல்கள் பெட்டிக்குள் இருந்தபடியே புளித்துச் சுருண்டு பழுதாகிவிட்டன. மிஞ்சியது ஊருக்கு வந்த அந்த டிவிடி மட்டும்தான். அதில் இருந்து பழைய படங்களைத் திரும்ப எடுக்க நானே ஒரு ஃபில்டர், அதாவது வீடியோவைத் திருத்தும் சிறு நிரல், எழுத வேண்டி வந்தது. எந்த வழியில் போனேன், எங்கே வழி அடைத்தது, என்ன செலவானது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்த இப்படியான டிவிடிகள் வன்னியில் பல வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கின்றன. அவற்றை யாரும் அவசரப்பட்டு டீஇன்ரர்லேஸ் (வீடியோவில் சீப்புப் பல் போல வரும் வரிகளை நீக்கும் வேலை) பண்ணிவிடக் கூடாது. பிலிமில் இருந்த படம் பெரும்பாலும் அதற்குள் முழுசாகவே இருக்கிறது.

எங்கள் வீட்டில் 2009க்கு முந்திய புகைப்படம் ஒன்றும் இல்லை. இடம்பெயர்ந்த வழியில் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. எழுபதுகளின் வன்னியை அசையும் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது ஒருவருடைய பிலிம் கமராதான் வழி. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதே 1979இல்; ரூபவாஹினி வந்தது 1982இல். மாமாவின் டிவிடியில் வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் இருக்கிறது, இரணைமடுக் குளம் வான் பாய்வது இருக்கிறது, களத்தில் எருமை கட்டிச் சூடு மிதிப்பது இருக்கிறது, அம்மம்மா முற்றத்தில் நெல் காயவைப்பது இருக்கிறது. அதோடு பரந்தன் சந்தியில் வந்து நிற்கும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) ஒரு சிவப்பு பஸ். இந்தப் பஸ்ஸைத்தான் கடைசிவரை சோதனைக்கு வைத்திருந்தேன். அதன் நெற்றியில் இருந்த ஊர்ப் பலகையை வாசிக்க முடிகிறதா இல்லையா என்பதுதான் என் அளவுகோல்.

முதல் வேலை டிவிடியை வாசிப்பது. வீட்டில் பதிந்த டிவிடிகள் கடையில் வாங்கும் படத் தட்டுப் போல அச்சடித்தவை அல்ல; சாயப் படலத்தில் லேசரால் எழுதியவை. வெயிலும் ஈரமும் பட்டால் அந்தச் சாயம் கெடும். எங்கள் தட்டின் வெளி விளிம்புப் பக்கம் ஏற்கனவே கெடத் தொடங்கியிருந்தது. சும்மா கொப்பி பண்ணினால் பாதியில் நின்றது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. வாசிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பத் திரும்பப் போகும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். அந்தக் கோப்பு இருந்தால் வேறு டிரைவில் தட்டைப் போட்டு விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். டவுனில் 7,500 ரூபாய்க்கு வாங்கிய யூஎஸ்பி டிரைவ் கைவிட்ட பகுதிகளை, சிநேகிதி வீட்டுப் பழைய டெஸ்க்டொப்பின் டிரைவ் வாசித்துத் தந்தது. பழைய டிரைவ் என்று எறிந்துவிடாதீர்கள். தட்டுக்குத் தட்டு, டிரைவுக்கு டிரைவ் வாசிக்கும் திறன் வேறு.

அப்புறம் படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். இந்தப் பதிவில் பிலிமில் உள்ளதைப் படம் என்றும், வீடியோவில் உள்ளதை ஃபிரேம் என்றும் எழுதுகிறேன். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் குழம்பும். கனடாவின் பழைய வீடியோ முறை என்டிஎஸ்சி. செக்கனுக்கு 29.97 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு ஃபீல்ட்: ஒற்றை வரிகள் ஒன்று, இரட்டை வரிகள் ஒன்று. ஆக செக்கனுக்கு 59.94 ஃபீல்ட். பிலிமில் இருந்து வீடியோவுக்கு மாற்றும்போது ஒரு படம் இரண்டோ மூன்றோ நாலோ ஃபீல்டுகளில் விழும். ஒரு ஃபிரேமின் இரண்டு ஃபீல்டும் ஒரே படத்தில் இருந்து வந்தால் ஃபிரேம் துப்புரவாக இருக்கும். ஒன்று ஒரு படத்தில் இருந்தும் மற்றது அடுத்த படத்தில் இருந்தும் வந்தால், அசையும் பொருளின் ஓரம் எல்லாம் சீப்புப் பல் போல வரி வரியாகப் பிரிந்து நிற்கும்.

அந்தச் சீப்பு ஃபிரேம்கள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய படி. கடையில் விற்கும் சினிமாப் படம் என்றால் செக்கனுக்கு 24 படம். நாலு படம் பத்து ஃபீல்டுகளில் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று விழும். அப்படியானால் ஐந்து ஃபிரேமில் மூன்று துப்புரவு, இரண்டு சீப்பு. எட்டு மில்லிமீற்றரில் பிந்தி வந்த வகையான சுப்பர் 8 பிலிம் என்றால் செக்கனுக்கு 18 படம். மூன்று, மூன்று, நாலு என்று விழ வேண்டும். அப்போது ஐந்து ஃபிரேமில் ஒன்றுதான் சீப்பு. எங்கள் டிவிடியில் நான் எழுதிக்கொண்டது இது: துப்புரவு, சீப்பு, துப்புரவு, துப்புரவு, சீப்பு, துப்புரவு. மூன்றுக்கு ஒன்று. இது இரண்டு கணக்கிலும் சேரவில்லை.

ஆனால் இதைக் கொப்பியில் எழுதியது முதல் நாள் அல்ல. அதற்கு முன்னர் ஆயத்தக் கருவிகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளில் உள்ள யாடிஃப் என்ற டீஇன்ரர்லேஸரை எல்லோரும் சொல்வார்கள். சீப்பு போய்விட்டது, உண்மைதான். ஆனால் அது சீப்பைக் காணும் இடத்தில் ஒரு ஃபீல்டின் வரிகளைக் கழித்துவிட்டு, மற்ற ஃபீல்டின் வரிகளை வைத்து இடைவெளியை ஊகித்து நிரப்புகிறது. 480 வரியில் அங்கே உண்மையானது 240தான். பஸ்ஸின் பலகை சாம்பல் கறையாகிவிட்டது. அசையாத இடங்களில் தப்பும் வரிகளும் விஎச்எஸ் இரைச்சலால் மினுங்கின. கல்யாண வீடியோ போல வீடியோ கமராவிலேயே எடுத்ததற்கு இந்த முறை சரி; அங்கே ஒவ்வொரு ஃபீல்டும் வேறு கணத்தில் எடுத்தது. பிலிமுக்கு இது பொருந்தாது.

அடுத்தது ஃபீல்ட்மேட்ச், டெசிமேட் என்ற சோடி. முதலாவது, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பொருத்தமான சோடி ஃபீல்டை முன்னும் பின்னும் தேடிப் பிடிக்கிறது. இரண்டாவது, ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று என்று மிஞ்சியதைத் தள்ளிவிடுகிறது. சினிமாப் பட டிவிடிக்கு இதைப் போல வேறு ஒன்று வேண்டாம். எங்கள் டிவிடிக்கு முதல் பாதி நன்றாகவே வேலை செய்தது. இரண்டாவது பாதி 24 படக் கணக்கை வைத்துத் தள்ளியதால் எருமைகள் நடந்து, நின்று, நடந்து, நின்று போயின.

பிறகு டீடெலிசின். அதில் ஒழுங்கை எண்ணாகவே கொடுக்கலாம். சொந்தக்காரர் எல்லோரும் "அது சுப்பர் 8" என்று சொன்னதை நம்பி 334 என்று கொடுத்தேன். ஒரு செக்கனுக்குள்ளேயே கலைந்தது. கொப்பியில் எழுதிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். 33 என்று கொடுத்தவுடன் பஸ் வந்து நிற்கும் காட்சி பளிச்சென்று வந்தது. பலகையில் "முல்லைத்தீவு" என்று வாசிக்க முடிந்தது. கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு சீப்பு திரும்பி வந்தது, போனது, திரும்பவும் வந்தது.

காரணம் என்னவென்றால், அந்தக் கடையில் பிலிமைச் சுவரிலோ திரையிலோ ஓட்டி வீடியோ கமராவால் எடுத்திருக்கிறார்கள். அக்காலத்தில் அது வழக்கமான முறைதான். மூன்று இதழ் ஷட்டர் (ஒளியை மறைத்து மறைத்து விடும் சுழல் தகடு) உள்ள புரொஜெக்டரைச் செக்கனுக்கு 20 படம் என்று ஓட்டினால் 60 முறை ஒளி மின்னும்; என்டிஎஸ்சி கமராவின் 60 ஃபீல்டுக்கு அது ஒத்துப்போகும், திரை மினுங்காது. ஆகவே ஒரு படத்துக்கு மூன்று ஃபீல்ட். ஆனால் புரொஜெக்டரையும் கமராவையும் ஒன்றோடு ஒன்று பூட்டவில்லை. புரொஜெக்டர் கையால் திருகும் குமிழில் ஓடியது. அதன் வேகம் கொஞ்சம் நகர்ந்தால் எங்கோ ஒரு படத்துக்கு நாலு ஃபீல்ட், எங்கோ இரண்டு. போதாததற்கு, கசெற்றை டிவிடி ஆக்கிய ரெக்கோடர் சில இடங்களில் ஒரு ஃபிரேமைத் தவறவிட்டிருக்கிறது. இப்படி நகர்ந்துகொண்டே போகும் ஒழுங்கைப் பின்தொடரும் ஆயத்தக் கருவி எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் சொந்தமாக எழுதத் துணிந்தேன். வேப்பர்சிந்த் என்ற வீடியோக் கருவி ஃபீல்டுகளைப் பிரித்துத் தர, மிச்சம் எல்லாம் பைத்தன் நிரல்மொழியும் அதன் கணக்குத் தொகுப்பான நம்பையும்.

ஃபீல்டுகளைப் பிரிக்கும்போது எந்த ஃபீல்ட் முதலாவது என்று சரியாகச் சொல்ல வேண்டும். கோப்பில் எழுதியிருப்பதை நம்பாமல், பிரித்த ஃபீல்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். பஸ் முன்னே போய், ஒரு அடி பின்னே வந்து, பிறகு முன்னே போனால் ஒழுங்கு தலைகீழ். எங்கள் டிவிடியில் மேல் ஃபீல்ட் முதலாவது. டிஜிற்றல் கமராவின் டிவி (DV) நாடாவில் இருந்து நேரே எடுத்த கோப்புகளில் பெரும்பாலும் கீழ் ஃபீல்ட் முதலாவதாக இருக்கும்.

அடுத்தடுத்த ஃபீல்டுகளைக் கழித்துப் பார்த்து வித்தியாசம் கூடும் இடத்தில் புதுப் படம் தொடங்குகிறது என்று எடுப்பதுதான் முதலில் தோன்றும் வழி. அது சரிவரவில்லை. ஒன்று ஒற்றை வரி, மற்றது இரட்டை வரி. படம் ஒன்றேயானாலும் வேலி, கூரை, வரம்பு போன்ற கிடையான கோடுகள் எல்லாம் வித்தியாசமாகவே தெரியும். வயல் காட்சிகளில் எண்கள் ஒரு பொருளும் இல்லாமல் குதித்தன.

தீர்வு எளிது. ஒரு ஃபீல்டை அடுத்ததோடு அல்ல, அதற்கு அடுத்ததோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே வகை வரிகள். ஒரு படத்துக்கு மூன்று ஃபீல்ட் என்றால், முதலாவதும் மூன்றாவதும் ஒரே படத்தின் ஒரே வரிகள். வித்தியாசம் நாடாவின் இரைச்சல் மட்டும்தான். இரண்டாவதையும் நாலாவதையும் எடுத்தால் படம் வேறு. மூன்றாவதையும் ஐந்தாவதையும் எடுத்தாலும் வேறு. ஆகவே எண்களை வரைந்தால் மேடு, மேடு, பள்ளம். மேடு, மேடு, பள்ளம். பள்ளம் விழும் இடம்தான் புதுப் படத்தின் முதல் ஃபீல்ட். இதை முதன்முதலில் வரைந்து பார்த்தபோது, நாற்பது வருடத்துக்கு மேல் பழைய அந்தப் புரொஜெக்டரின் நடை அப்படியே திரையில் தெரிந்தது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வரைபடம் முதலில் இவ்வளவு தெளிவாக வரவில்லை. மூன்று திருத்தம் தேவைப்பட்டது. விஎச்எஸ் படத்தின் அடியில், நாடாவை வாசிக்கும் ஹெட் மாறும் இடத்தில் சில வரிகள் எப்போதும் கோணிக் கிழிந்திருக்கும். அந்த வரிகளின் வித்தியாசம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். ஃபீல்டின் அடியில் 12 வரியும், மேலே 8 வரியும், இரண்டு பக்கமும் 24 புள்ளியும் விட்டுவிட்டு அளந்தேன். இரண்டாவது, கமராவின் தானியங்கி வெளிச்சமும் ஷட்டரின் மினுக்கமும் சேர்ந்து ஃபீல்டுக்கு ஃபீல்ட் வெளிச்சம் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஃபீல்டையும் அதன் சராசரி வெளிச்சத்தால் வகுத்த பிறகே கழிக்க வேண்டும். மூன்றாவது, அளப்பதற்கு மட்டும் கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்வது. இரைச்சல் ஒரு புள்ளி அளவு; அசைவு பல புள்ளி அளவு. மங்கலாக்கினால் இரைச்சல் அடங்கும், அசைவு நிற்கும். இவ்வளவும் செய்த பிறகு 255 அளவுகோலில் பள்ளம் ஏறக்குறைய ஒன்றரை, மேடு நாலுக்கு மேல்.

அசைவே இல்லாத காட்சிகள் என்ன ஆகும் என்பதுதான் என் பெரிய பயம். குளத்துக்கட்டில் இருந்து தண்ணீரை எடுத்த நீண்ட காட்சி ஒன்று இருக்கிறது. ஆளும் இல்லை, மாடும் இல்லை. அங்கே கைகொடுத்தது பிலிமின் குறைகள்தான். எட்டு மில்லிமீற்றர் பிலிம் புரொஜெக்டர் வாசலில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மயிரிழை விலகித்தான் நிற்கும். அந்த நடுக்கம் போதும், பள்ளம் தெரிந்தது. பிறகு தூசி. குளத்துத் தண்ணீரின் நடுவில் ஒரு கறுப்புத் துணுக்கு தோன்றுகிறது, அடுத்த ஃபீல்டிலும் அதே இடத்தில் இருக்கிறது, அதற்கு அடுத்ததிலும் இருக்கிறது, நாலாவதில் இல்லை. தூசி பிலிமில் ஒட்டியது, ஆகவே அந்த ஒரு படம் இருக்கும் வரைதான் அதுவும் இருக்கும். கணிப்பு சரியா என்று கண்ணால் சரிபார்க்கத் தூசியைப் போல நம்பகமான சாட்சி இல்லை. தூசி நீக்கும் ஃபில்டரை முதலிலேயே ஓட்டிவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும். அந்த வேலையைக் கடைசிக்கு வையுங்கள்.

இனி முடிவெடுக்கும் பகுதி. முதல் பதிப்பு, பள்ளத்தைக் கண்ட இடத்தில் எல்லாம் "புதுப் படம்" என்று எழுதியது. மாமா கமராவை நிறுத்தித் தொடங்கும் இடங்களில் ஒரு படம் வெளிச்சம் கூடி வெளிறிப்போயிருக்கும். அப்படியான இடங்களில் ஒன்று தவறினால் அதற்குப் பின்னால் வருவது எல்லாம் தவறியது. உடனுக்குடன் தீர்ப்பு எழுதுவதை விட்டு, முழு றீலையும் பார்த்த பிறகு மொத்தமாகத் தீர்ப்பு எழுதும்படி மாற்றினேன். ஒவ்வொரு ஃபீல்டிலும் ஒரு படம் தொடங்கலாம் என்று வைத்துக்கொள்வது. அங்கே பள்ளம் இருந்தால் செலவு குறைவு, மேடு இருந்தால் செலவு அதிகம். முந்திய தொடக்கத்தில் இருந்து மூன்று ஃபீல்ட் தள்ளி இருந்தால் தண்டம் இல்லை; இரண்டோ நாலோ என்றால் தண்டம் உண்டு; அதைவிடக் கூடக் குறைய இருக்கக் கூடாது. தொடக்கத்தில் இருந்து முடிவு வரை மிகக் குறைந்த செலவில் போகும் பாதை எது என்று டைனமிக் புரோகிராமிங் முறையில் கண்டுபிடிப்பது. பைத்தனில் நாற்பது வரிக்குள் அடங்கிவிட்டது. தண்டத்தைக் குறைவாக வைத்தால் இரைச்சலைப் பார்த்தே நழுவும். அதிகமாக வைத்தால் உண்மையான நழுவலையும் ஏற்காது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள சராசரி வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு வைத்தபோது எங்கள் றீல்களுக்குச் சரியாக வந்தது. வெளிறிய படங்கள் இப்போது பிரச்சினையே இல்லை. அவற்றின் முன்னும் பின்னும் உள்ள ஒழுங்கு அவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு சிறிய யோசனை. அளவுகளை எடுப்பது ஒரு நிரல், முடிவெடுப்பது ஒரு நிரல், படங்களை எழுதுவது ஒரு நிரல் என்று மூன்றாகப் பிரித்து, அளவுகளை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். மாரி இடிமின்னலோடு இங்கே கரண்ட் போகும். என் லப்டொப் பற்றரி அரை மணித்தியாலம்கூட நிற்காது. அளவுக் கோப்பு இருந்தால் தண்டத்தை மாற்றி மாற்றிப் பார்க்க ஒவ்வொரு முறையும் வீடியோவைத் திறக்கவும் வேண்டாம். முடிவெடுக்கும் நிரல் ஒரு செக்கனில் முடிந்துவிடும்.

படத்தைக் கட்டும் இடத்தில்தான் உழைப்புக்கு உண்மையான பலன். மூன்று ஃபீல்டில் நடுவில் உள்ளது ஒரு வகை வரி; முதலாவதும் மூன்றாவதும் மற்ற வகை. நடுவதை அப்படியே வைத்து, மற்ற இரண்டின் சராசரியை எடுத்து, இரண்டையும் வரி வரியாகப் பின்னினால் 480 வரி முழுப் படம். ஊகித்து நிரப்பிய வரி ஒன்றுகூட இல்லை. அதோடு ஒரே படத்தை நாடா இரண்டு தரம் பதிந்திருப்பதால், சராசரி எடுக்கும்போது இரைச்சல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அம்மம்மாவின் முகத்தில் அசைந்துகொண்டிருந்த புள்ளிகள் அடங்கி, சேலைக் கரை தெரிந்தது.

அடுத்தடுத்த படங்களில் நடு ஃபீல்ட் மேலது, கீழது என்று மாறி மாறி வரும். அதைக் கவனிக்காமல் பின்னிய முதல் வெளியீட்டில் படம் ஒரு வரி மேலும் ஒரு வரி கீழுமாகத் துள்ளியது. எந்த வகை என்பதை ஃபீல்டின் எண்ணில் இருந்தே எடுத்தவுடன் நின்றது. பிறகு கலப்புப் ஃபீல்டுகள். புரொஜெக்டர் நகர்ந்த இடங்களில் சில ஃபீல்டுகளில் இரண்டு படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. நல்லகாலம், மூன்றில் நடுவது எப்போதும் துப்புரவு. கெடுவது முதலாவது அல்லது மூன்றாவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வழக்கத்தை மிஞ்சினால் சராசரி எடுக்காமல், நடுவதோடு எது கூடப் பொருந்துகிறதோ அதை மட்டும் எடுக்கும்படி எழுதினேன்.

நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. டிவிடியில் நிறத் தகவல் வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த வரிகளில் இருக்கும். இன்ரர்லேஸ் வீடியோவில் அந்த வரிகளும் ஃபீல்டுக்கு ஃபீல்ட் தனியாகப் பிரிந்திருக்கும். ஃபீல்டைப் பிரிப்பதற்கு முன்னர் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறைக்கு மாற்றினால் இரண்டு ஃபீல்டின் நிறமும் கலந்துவிடும். வெளிச்சம் எல்லாம் துப்புரவாக இருக்கச் சிவப்புப் பஸ்ஸின் ஓரத்தில் மட்டும் சீப்பு நின்றதைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். முதலில் பிரி, பின்னு, அதற்குப் பிறகுதான் நிற மாற்றம்.

எல்லாம் முடிந்து முதலாவது றீலில் இருந்து வந்த படங்களை எண்ணினால் 4,000க்குக் கொஞ்சம் குறைவு. இந்த எண் எங்கோ கேட்ட எண்ணாக இருந்தது. மாமாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்து, கமரா எப்படியானது என்று கேட்டேன். "அது சாவி குடுக்கிற கமரா, பிள்ளை. பாதி ஓடின உடன நிழலுக்க போய் றீலைப் புரட்டிப் போட வேணும்" என்றார். புரட்டிப் போடுவது என்றால் அது சுப்பர் 8 அல்ல. பழைய எட்டு மில்லிமீற்றர். சுப்பர் 8 பெட்டியைப் புரட்டத் தேவையில்லை. பழைய எட்டில் 25 அடிப் பிலிம் இரண்டு பக்கமும் ஓடி 50 அடி ஆகும். அடிக்கு 80 படம். 50 அடிக்கு 4,000. கணக்கு நேரே வந்து பொருந்தியது. ஃபில்டர் படங்களைத் தவறவிடவும் இல்லை, இரட்டிக்கவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வேகக் கேள்விக்கும் அதோடு விடை கிடைத்தது. பழைய எட்டு செக்கனுக்கு 16 படம். டிவிடியில் அது 20இல் ஓடியிருக்கிறது. நாலில் ஒரு பங்கு அதிக வேகம். இத்தனை வருடமும் அம்மம்மா ஏதோ அவசரத்தில் நடப்பது போலத்தான் பார்த்திருக்கிறோம். 16இல் ஓடவிட்டபோது அம்மா, "இப்பதான் அம்மாவின்ர நடை" என்றா. பொங்கல் பானைகளோடு வற்றாப்பளை மணலில் நடக்கும் சனமும் இப்போதுதான் சனம் நடப்பது போல நடக்கிறது.

சேமிப்பதற்கு எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத முறை. ஒரு றீல் ஒரு ஜிபிக்குக் கிட்ட வருகிறது. தொலைபேசியில் அனுப்ப, 640க்கு 480 அளவில் எச்.264 என்ற அமுக்கும் முறை. முதலாவதைத் தொடாமல் வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் போய் வந்ததைக் காப்பாற்றிப் பயன் இல்லை.

செலவு என்று பார்த்தால், டிவிடி டிரைவ் சொன்னேன். ஒரு ரெறாபைட் வெளி ஹார்ட் டிஸ்க் 19,000 ரூபாய். லப்டொப் ஏற்கனவே இருந்தது, 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய ஒன்று; ஒரு றீலின் அளவெடுப்பு அதில் ஐந்தாறு நிமிடம், படம் கட்டுவது அதைவிடக் கொஞ்சம் கூட. மென்பொருள் எல்லாம் இலவசம். மிச்சம் இரவு நேரம்.

லண்டனில் இருந்தோ ஜேர்மனியில் இருந்தோ வந்த தட்டு என்றால் அது பால் (PAL) என்ற வீடியோ முறை: செக்கனுக்கு 50 ஃபீல்ட், 576 வரி. அங்கே புரொஜெக்டரை 16 முழு மூன்றில் இரண்டு படம் என்று ஓட்டுவார்கள். 50ஐ மூன்றால் வகுத்தால் அதே எண்தான். ஆகவே அதே மூன்று ஃபீல்ட் ஒழுங்கு, அதே ஃபில்டர். பக்கத்து வீட்டு அக்கா லண்டனில் இருந்து வந்த தன் அப்பாவின் தட்டைத் தந்தா. வரி எண்ணிக்கையை மட்டும் மாற்றினேன், ஓடியது. ஆனால் பாலில் இருந்து என்டிஎஸ்சிக்கு ஒருமுறை மாற்றிய தட்டுகள் வேறு கதை. அந்த மாற்றத்தில் ஃபீல்டுகளையே ஒன்றோடு ஒன்று கலந்துவிடுவார்கள். துப்புரவான ஃபீல்டே கிடைக்காது. கொப்பியில் எழுதும்போது ஒழுங்கே பிடிபடாமல், நிறுத்திப் பார்க்கும் ஃபிரேமில் எல்லாம் ஆவி போல இரட்டைப் படம் தெரிந்தால், அதற்கு இந்த வழி உதவாது.

அடுத்த முறை மாற்றிச் செய்யப் போவது இரண்டு. கருவி எதையும் தொடுவதற்கு முன்னர் சீப்பு ஒழுங்கை நூறு ஃபிரேமுக்காவது எழுதிவிடுவேன். டிவிடியோடு நிற்காமல் கசெற்றையும் தேடச் சொல்லுவேன். ரொறன்ரோவில் மாமாவின் மகள் நிலவறையில் தேடி அந்த விஎச்எஸ் கசெற்றைக் கண்டெடுத்திருக்கிறா. டிவிடி ரெக்கோடர் தவறவிட்ட ஃபிரேம்கள் அதில் இருக்க வேண்டும். டைம்பேஸ் திருத்தம் (நாடாவின் நேர ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி) உள்ள விஎச்எஸ் டெக் ஒன்றில் போட்டு, அமுக்காமல் பதிந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சூடு மிதிப்பு றீலில் இரண்டு இடத்தில் சில படங்கள் குறைகின்றன. கோப்பு வந்ததும் முதலில் அந்த இரண்டு இடத்தையும் நிரப்ப வேண்டும்.